எழுதிக் கொடுக்குமுன் எண்ணிப் பார்க்க: உழவர் குடும்பத்தில் உயிலும் உரிமையும்

ஓர் ஊராட்சியின் வளர்ச்சியை அளக்க முற்படும்போது, போடப்பட்ட சாலைகளையும், கட்டப்பட்ட பள்ளிகளையும், குடிநீர்த் தொட்டிகளையும் நாம் எண்ணுகிறோம். அவ்வூரின் பட்டாக்களில் எத்தனை இன்னும் மறைந்தவர் பெயரிலேயே நிற்கின்றன என்பதை எண்ணுவதில்லை. பாட்டனார் பெயரில் பட்டா இருக்க, பேரன் உழுது பயிரிடும் நிலங்கள் நம் கிராமங்களில் ஏராளம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவும் அடங்கலும் கேட்கின்றனர். பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 6,000 பெறவும் நிலம் தம் பெயரில் இருக்க வேண்டும். வீடு கட்டும் திட்டத்தில் சேர மனைப் பட்டா வேண்டும். உழைப்பவன் உயிரோடிருந்தும், உரிமை இறந்தவர் பெயரில் கிடப்பதால், நாட்டின் திட்டங்கள் அவனது வாசல்வரை வந்து திரும்பிப் போகின்றன.

இதற்கு நேர்மாறான மற்றொரு துன்பமும் உண்டு. பிற்காலத்தில் பிள்ளைகளுக்குள் சச்சரவு வரலாகாது என்ற நல்லெண்ணத்தால், முதியவர் தம் வீட்டையும் நிலத்தையும் உயிருடனிருக்கும்போதே மகன் பெயருக்கு எழுதிவைத்து விடுகிறார். பத்திரம் பதிவான சில ஆண்டுகளில் அவரது சொல்லுக்கு வீட்டில் மதிப்புக் குறைகிறது. சில இல்லங்களில் கஞ்சிக்கும் மருந்துக்கும் கையேந்தும் நிலை வருகிறது. சாகுபடி செய்து பத்துப் பேருக்குச் சோறிட்டவர் திண்ணையில் ஒதுக்கப்படுகிறார்.

முதல் துன்பம் ஒன்றும் எழுதாமையால் வருவது. இரண்டாவது, எண்ணாமல் எழுதியதால் வருவது. இரண்டையும் தவிர்க்கும் வழிகள் சட்டத்திலேயே உள்ளன. அவற்றைக் குடும்பத் தலைவர்களும் தாய்மார்களும் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுதாமற் போனால் எவர்க்கு எவ்வளவு?

உயில் எழுதாமல் ஒருவர் காலமானால், அவரது சொத்து யாருக்குச் சேரும் என்பதைச் சட்டமே முடிவு செய்கிறது. இந்துக்களுக்கு 1956 ஜூன் 17 முதல் நடைமுறையிலுள்ள இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். ஆண் ஒருவர் இறந்தால் அவருடைய தாய், மனைவி, மகன்கள், மகள்கள் ஆகிய அனைவரும் முதல் வகுப்பு வாரிசுகள் ஆவர். அவருக்கு முன்னரே இறந்துவிட்ட மகனோ மகளோ இருப்பின், அவர்களுடைய பங்கு அவர்கள் வழி வந்தோருக்குச் சேரும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குவோம். ஓர் உழவர் தம் உழைப்பால் வாங்கிய 6 ஏக்கர் நிலத்தை விட்டு, உயில் எழுதாமல் இறக்கிறார். அவருடைய தாய், மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் ஆகியோர் இருக்கின்றனர். மூன்றாவது மகன் முன்னரே இறந்துவிட்டான். அவனுடைய மனைவியும் ஒரு குழந்தையும் உள்ளனர். இங்குத் தாய்க்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, இரு மகன்களுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று, இறந்த மகனின் கிளைக்கு ஒன்று என ஆறு பங்குகள் ஆகின்றன. ஒவ்வொரு பங்கும் ஓர் ஏக்கர். இறந்த மகனின் ஓர் ஏக்கரை அவன் மனைவியும் குழந்தையும் 50 சென்ட் வீதம் பெறுவர்.

இக்கணக்கில் நம் கிராமங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறவர்கள் மூவர். ஒருவர் இறந்தவரின் தாய். மகனை இழந்த முதிய தாய்க்கு, மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் சமமான பங்கு உண்டு என்பதை அத்தாயே அறிவதில்லை. இரண்டாமவர் மனைவி. ‘பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று கூறி அவருடைய பங்கு எழுதப்படாமல் விடப்படுகிறது. மூன்றாமவர் மணமாகிச் சென்ற மகள்.

‘மகளுக்குச் சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று’ என்று சொல்லுவோர் இன்றும் உளர். சீர்வரிசை பெற்றோரின் அன்பைக் காட்டுவது; அது சொத்துப் பங்குக்கு ஈடாகச் சட்டத்தில் கொள்ளப்படுவதில்லை. மகள் தன் பங்கு வேண்டாமென மனமுவந்து விட்டுக்கொடுக்க விரும்பினால், விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தல் வேண்டும். அவள் கையொப்பம் இல்லாமல் சகோதரர்கள் செய்துகொள்ளும் பாகப்பிரிவினை அவளைக் கட்டுப்படுத்தாது.

பெண்ணுக்குச் சம உரிமை என்பது தமிழ்நாட்டில் நேற்று எழுந்த கருத்தன்று. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு இதனைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அறுபது ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தச் சட்டம், 1989 மார்ச் 25 அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை வழங்கியது. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்து, மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாட்டையும் நீக்கியது. 2005-இல் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்ற தேவை இல்லை, இவ்வுரிமை பிறப்பாலேயே வருவது என உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னரே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகள் மட்டும் கலைக்கப்படுவதில்லை.

பிற சமயத்தாரின் முறைகளையும் சுருக்கமாகக் குறிப்பிடுவோம். உயில் எழுதாமல் இறக்கும் கிறித்தவர் மனைவியையும் மக்களையும் விட்டுச் சென்றால், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், மீதி மூன்றில் இரு பங்கு மகன், மகள் என்ற வேறுபாடின்றி மக்களுக்கும் சேரும். முஸ்லிம்களுக்கு அவர்களது தனிச் சட்டப்படி பங்குகள் வரையறுக்கப்பட்டுள்ளன. இறுதிச் செலவும் கடனும் போக எஞ்சிய சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வாரிசுகளின் இசைவின்றி அவர்கள் உயிலால் கொடுக்க இயலாது. இக்கட்டுரையில் உயிலின் முறைகளைப் பற்றிக் கூறுவன இந்துக்களையும் கிறித்தவர்களையும் கருதிக் கூறப்படுவனவாகும்.

பூர்வீகச் சொத்தும் சுயார்ஜிதமும்

‘தாத்தா சொத்துப் பேரனுக்கு’ என்பது ஊரார் வழக்கு. சட்டம் அவ்வளவு எளிதாக அதனைச் சொல்லவில்லை. ஒருவர் தம் உழைப்பால் ஈட்டியது சுயார்ஜிதம். அவர் உயில் எழுதாமல் இறந்து, 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகன் வாரிசாகப் பெற்ற பங்கு, அம்மகனின் தனிச் சொத்தாகவே ஆகிறது. அதில் பேரன் பிறந்ததனாலேயே பங்கு கேட்க முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பிரிக்கப்படாமல் வரும் கூட்டுக் குடும்பச் சொத்தே பூர்வீகச் சொத்து எனப்படும். அதில்தான் மகனுக்கும் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு.

இவ்வேறுபாடு உயில் எழுதுவோருக்கு மிகவும் இன்றியமையாதது. சுயார்ஜிதம் முழுவதையும் விரும்பியவாறு எழுதலாம். பூர்வீகச் சொத்தில் தமக்குரிய பங்கை மட்டுமே எழுதலாம். 9 ஏக்கர் பூர்வீக நிலத்தில் தந்தை, ஒரு மகன், ஒரு மகள் ஆகிய மூவருக்கும் ஆளுக்கு 3 ஏக்கர் எனக் கொள்வோம். தந்தை தம் 3 ஏக்கருக்கே உயில் எழுத முடியும். அவர் எழுதாமல் இறந்து, அவருடைய தாயும் உயிருடன் இல்லையெனில், அந்த 3 ஏக்கர் மனைவி, மகன், மகள் மூவருக்கும் ஓர் ஏக்கர் வீதம் பிரியும். முடிவில் மகனுக்கு 4, மகளுக்கு 4, மனைவிக்கு 1 ஏக்கர் என அமையும். ஆகவே, உயில் எழுதுமுன் மூலப் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துவைத்து, எது எவ்வாறு வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

பெண்கள் தம் பெயரிலுள்ள சொத்துக்கு முழு உரிமையாளர்கள். அவர்களும் உயில் எழுதலாம். பிள்ளையில்லாத கைம்பெண்கள் எழுதியே ஆகவேண்டும் என்பது நம் கருத்து. இந்துப் பெண் ஒருவர் கணவனும் மக்களும் இன்றி, உயிலும் எழுதாமல் இறந்தால், அவர் கூலி வேலை செய்து வாங்கிய மனையும் கணவரின் உறவினர்க்கே முதலில் செல்லும். பெற்றோரிடமிருந்து வாரிசாகப் பெற்றது மட்டும் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். கடைசிக் காலத்தில் சோறிட்ட தங்கை மகளுக்குத் தம் மனை சேர வேண்டும் என்று விரும்பும் மூதாட்டி, அதனை எழுதிவைத்தாலன்றி அவ்விருப்பம் நிறைவேறாது.

உயில் எழுதும் முறை

உயில் என்றால் செல்வந்தர் காரியம் என்றும், எழுதினால் ஆயுள் குறையும் என்றும் எண்ணுவது தவறு. அரை ஏக்கர் நிலமும் ஓர் ஓட்டு வீடும் உள்ளவருக்கும் உயில் தேவை. அதனை எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். 18 வயது நிறைந்து, நல்ல மனநிலையிலுள்ள எவரும் எழுதலாம். வாயாற் சொல்லிப் போனது உயிலாகாது. எழுத்தில் இருத்தல் வேண்டும்.

எழுதியவர் கையொப்பமிட வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். குறைந்தது இரு சாட்சிகள், அவர் கையொப்பமிட்டதை நேரில் கண்டோ, ‘இது என் கையொப்பம்’ என்று அவர் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் தாமும் கையொப்பமிட வேண்டும். சாட்சிகள் இன்றி எழுதிய உயில் வெறும் தாளேயாகும். உயிலால் பயன்பெறுவோரையோ அவர்தம் மனைவி, கணவரையோ சாட்சியாக வைத்தல் ஆகாது. சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் இளையவராகவும், உள்ளூரில் நிலைத்து வாழ்பவராகவும் இருப்பது நலம். ஏனெனில், வழக்கு என்று வந்தால் அவர்களுள் ஒருவரையேனும் நீதிமன்றத்தில் விசாரித்தே உயிலை மெய்ப்பிக்க வேண்டும்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று. ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதையே நாம் வலியுறுத்துவோம். பதிவு செய்த உயில் தொலைந்தாலும் நகல் கிடைக்கும்; பின்னர் எவரும் தாள்களை மாற்றிவிட முடியாது. படுக்கையிலுள்ள முதியவருக்காகத் தக்க காரணம் காட்டி வேண்டினால், பதிவு அலுவலர் இல்லத்துக்கே வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி உள்ளது.

எழுதிய உயிலை எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றலாம். முறைப்படி எழுதிய கடைசி உயிலே செல்லும். எழுதியவர் இருக்கும்வரை உயிலுக்கு எவ்விதச் செயலும் இல்லை. சொத்து அவர் கையிலேயே இருக்கும், விற்கவும் அவருக்கு உரிமை உண்டு. முதியோருக்கு உயில் தரும் பெரும் பாதுகாப்பு இதுவேயாகும்.

உயிலின் வாசகம் ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

“இன்ன வட்டம், இன்ன கிராமத்தில் வசிக்கும், இன்னாரின் மகனாகிய, இத்தனை வயதுள்ள நான், என் சுயநினைவோடும் முழுமனத்தோடும், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி எழுதிவைக்கும் கடைசி உயில் சாசனம். இதற்குமுன் நான் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன். கீழே கண்ட சொத்துகள் என் சுயசம்பாத்தியத்தில் வாங்கி என் அனுபவத்தில் உள்ளவை. என் ஆயுட்காலம்வரை அவற்றை நானே ஆண்டு அனுபவித்து வருவேன். எனக்குப் பின் வீட்டில் என் மனைவி தம் ஆயுள்வரை வசித்து அனுபவிக்க வேண்டியது. அவருக்குப் பின் வீடு என் மகளுக்கும், என் காலத்துக்குப் பின் நிலம் என் மகன்கள் இருவருக்கும் சரிபாதியாகவும் சேர வேண்டியது.”

இதன்கீழ் ஒவ்வொரு சொத்தின் கிராமம், புல எண், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். ஒருவருக்குக் குறைத்தோ ஒன்றும் கொடாமலோ எழுதினால், அதன் காரணத்தை இரண்டு வரியில் கூறிவிடுதல் நலம். நெருங்கிய வாரிசுகளைக் காரணமின்றி விலக்கியிருத்தல், கையொப்பம் தடுமாறியிருத்தல், பயன்பெறுபவரே முன்னின்று உயிலை எழுதுவித்திருத்தல் போன்ற ஐயப்பாடுகளை, உயிலைக் கொண்டுவருபவரே நீக்கிக் காட்ட வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1958-லேயே கூறியுள்ளது.

புரொபேட் என்னும் நீதிமன்ற மெய்ப்பாணை பெற்றால்தான் உயில் செல்லும் என்று சொல்லிச் சிலர் கிராம மக்களை அச்சுறுத்துவர். சென்னை நகர எல்லைக்கு வெளியே எழுதப்பட்டு, அந்நகருக்கு வெளியேயுள்ள சொத்துகளை மட்டும் பற்றிய இந்துக்களின் உயிலுக்குப் புரொபேட் கட்டாயமில்லை. இந்தியக் கிறித்தவர்களுக்கும் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அக்கட்டாயம் நீங்கியது. வாரிசுகளுக்குள் மறுப்பு எழுந்தால் மட்டும் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்.

உயிருடனிருக்கும்போதே கொடுப்பதானால்

செட்டில்மெண்டு பத்திரமும் தானப் பத்திரமும் உயிலைப் போன்றவை அல்ல. பதிவாகி, பெறுபவர் ஏற்றுக்கொண்ட அன்றே உரிமை கைமாறுகிறது. பின்னர் மனம் மாறி, கொடுத்தவர் தாமாகவே ஒருதலையாக அதனை ரத்து செய்ய இயலாது. எனவே, ‘எல்லாம் ஒன்றுதான், இதில் கைநாட்டு வையுங்கள்’ என்று கூறப்படும்போது, எந்தப் பத்திரம் என்பதைக் கேட்டறியாமல் முதியோர் கைவைத்தலாகாது. பத்திரத்தை, பெறுபவர் அல்லாத ஒருவரைக்கொண்டு முழுவதும் உரக்கப் படிக்கச் செய்து கேட்க வேண்டும்.

கொடுப்பது தேவைதான் என்று கருதினால், இரண்டு பாதுகாப்புகளைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, ஆயுள்கால அனுபவ உரிமை. “எனக்கும், எனக்குப் பின் என் மனைவிக்கும், எங்கள் ஆயுள்வரை இவ்வீட்டில் வசிக்கவும், இந்நிலத்தின் விளைவை அனுபவிக்கவும் உரிமையை நிறுத்தி வைத்துக்கொள்கிறேன்” என்று எழுதினால், மகன் அச்சொத்தை விற்க முயன்றாலும், வாங்குபவர் இவ்வுரிமைக்குக் கட்டுப்பட்டே வாங்க வேண்டும்.

இரண்டாவது, பராமரிப்பு நிபந்தனை. “எனக்கும் என் மனைவிக்கும் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகிய அடிப்படைத் தேவைகளைச் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் இச்சொத்தைக் கொடுக்கிறேன், தவறினால் இப்பத்திரத்தை ரத்து செய்யக் கோர எனக்கு உரிமை உண்டு” என்பது அதன் வாசகம்.

இவ்வொரு வரியின் வலிமையைச் சற்று விளக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அடிப்படைத் தேவைகளைச் செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் கொடுத்த சொத்தை, பெற்றவர் அந்நிபந்தனையை மீறினால், ஏமாற்றியோ அச்சுறுத்தியோ பெற்றதாகக் கருதி, தீர்ப்பாயம் செல்லாது என அறிவிக்கலாம் என்று கூறுகிறது. நிபந்தனை இருந்ததாக மெய்ப்பிக்கப்பட வேண்டுமென 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இச்சட்டத்தை முதியோர் நலன் கருதித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும், சொத்தின் அனுபவத்தைத் திரும்ப ஒப்படைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றும் தீர்ப்பளித்தது. வழக்காடி வெல்லக்கூடும் என்ற நம்பிக்கையைவிட, பத்திரத்தில் எழுதப்பட்ட ஒரு வரி உறுதியானது. பெற்ற மகனிடம் நிபந்தனையா என்று தயங்க வேண்டியதில்லை. காப்பாற்றும் எண்ணமுள்ள மகனுக்கு அவ்வரியால் ஒரு சுமையும் இல்லை.

கைவிடப்பட்ட முதியோர்க்கு வழி

2007-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. 60 வயது நிறைந்தவர் மூத்த குடிமகன். பெற்றோராயின் 60 வயது ஆகாதிருந்தாலும் உரிமை உண்டு. வளர்ப்புப் பெற்றோரும் மாற்றாந்தாயும் இதில் அடங்குவர். தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாதவர், வயதுவந்த மக்களிடமும் பேரப்பிள்ளைகளிடமும் பராமரிப்புக் கோரலாம். பிள்ளையில்லாதவர், தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாகப் பெறக்கூடிய உறவினரிடம் கோரலாம்.

தமிழ்நாட்டில் இதற்கான தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தலைமையில் இயங்குகிறது. மாவட்டச் சமூக நல அலுவலர் பராமரிப்பு அலுவலராக இருந்து, முதியவர் விரும்பினால் அவர் சார்பில் வாதிடலாம். எதிர் தரப்பினருக்கு அறிவிப்புச் சேர்ந்த 90 நாட்களுக்குள் மனுவை முடிக்க வேண்டும். சிறப்புக் காரணம் இருந்தால் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். மாதம் ரூ. 10,000 வரை பராமரிப்புத் தொகை விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. முடிவில் மனநிறைவு இல்லையெனில் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியர் தலைமையிலுள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். பராமரிக்க வேண்டியவர் முதியவரை முற்றிலும் கைவிடும் நோக்கத்துடன் எங்கேனும் விட்டுச் சென்றால், மூன்று மாதம்வரை சிறையோ, ரூ. 5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

உதவி கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் உள்ளது. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். வட்டச் சட்டப் பணிகள் குழுவையும் நாடலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றியே இவ்வுதவி கிடைக்கும்.

இறப்புக்குப் பின் செய்ய வேண்டியவை

குடும்பத்தில் ஒருவர் மறைந்தால், துயரத்திடையே சில காரியங்களை மறவாமல் செய்தல் வேண்டும்.

1. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்து சான்றிதழ் பெறுக. ஓராண்டு கடந்துவிட்டால் உரிய அதிகாரியின் ஆணை பெற்றே பதிவு செய்ய முடியும்.

2. வட்டாட்சியரிடமிருந்து வாரிசுச் சான்றிதழ் பெறுக. இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தாய், மனைவி, மணமான மகள் ஆகியோர் பெயர்கள் விடுபடாமல் கவனிக்க. சான்றிதழ் வாரிசுகள் இன்னார் என்று காட்டுவதேயன்றி, சொத்துரிமை வழக்கைத் தீர்ப்பதன்று.

3. வாரிசுகள் அனைவர் பெயரிலும் முதலில் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பிக்க. பின்னர்ப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, நில அளவையால் உட்பிரிவு செய்து, தனிப்பட்டா பெறுக. வரப்பை வைத்து வாய்மொழியாகப் பிரித்துக்கொள்வது அடுத்த தலைமுறைக்கு வழக்கை விட்டுச் செல்வதாகும்.

4. வங்கியில் நியமனதாரர் பெயர் இருந்தால் தொகையை அவர் பெறலாம். ஆனால், வங்கித் தொகையில் நியமனதாரர் வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்பவரே. அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புகளுக்கு நால்வர்வரை நியமிக்கலாம். நியமனமும் இன்றி, வங்கி வாரிசுரிமைச் சான்று கேட்டால், அதனை உரிமையியல் நீதிமன்றத்தில் பெற வேண்டும்.

5. மறைந்தவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்து எவரேனும் நிலத்தை விற்க முயன்றால் தடுக்க. பொதுவாக அதிகாரப் பத்திரம் எழுதியவரின் இறப்போடு முடிந்துவிடுகிறது.

ஊராட்சி செய்யக்கூடியது

கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் ஒரு கூட்டத்திலேனும் வாரிசு, பட்டா மாறுதல் ஆகியவற்றுக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், மறைந்தவர் பெயரில் நிற்கும் பட்டாக்களைத் தொகுத்து அக்குடும்பங்களுக்குத் தெரிவிக்கலாம். சட்டப் பணிகள் குழுவின் வழக்கறிஞரை அழைத்து உயில் பற்றி விளக்கச் செய்யலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள், தனித்து வாழும் மூதாட்டிகளின் இல்லத்துக்குச் சென்று 14567 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை.

குடும்பத்தில் செய்ய வேண்டியது இதனினும் எளிது. அறுவடை முடிந்து ஓய்வாயிருக்கும் ஒரு நாளில், பெட்டியிலுள்ள பத்திரங்களை வெளியே எடுத்து, மகன்களையும் மகள்களையும் ஒருங்கே உட்காரவைத்து, எது எவருக்கு என்பதை முதியவர் தம் வாயாற் சொல்லட்டும். சொன்னதை உயிலாக எழுதிப் பதிவு செய்யட்டும். நிலத்தைத் தம் காலத்திலேயே கைமாற்ற விரும்பினால், தாமும் தம் துணைவியும் கடைசிவரை உண்ணவும் உறங்கவும் உரிய இடத்தை அந்தப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். கொடுத்தவர் பசித்திருக்கலாகாது, பெற்றவர்கள் நீதிமன்ற வாசலில் நிற்கலாகாது. இவ்விரண்டும் உறுதிப்படும் வீட்டில் நிலமும் நிலைக்கும், உறவும் நிலைக்கும்.